இடது காதில் விட்ட எண்ணெய்

கல்யாண வீடுகளில் என் கதை தெரியாத யாராவது என்னைப் பிடித்துக்கொண்டால் முதல் கேள்வி இதுதான்: "பைலட்டா இருந்தீங்களாமே? மேல போனா பயமா இருக்குமா?" பயமெல்லாம் ஒன்றும் கிடையாது என்பேன். அது உண்மை. இரண்டாவது கேள்வி, "அப்புறம் ஏன் விட்டீங்க?" அதற்கு நான் இடது காதைத் தொட்டுக் காட்டுவேன். "எங்கம்மா தீபாவளிக்கு எண்ணெ விட்டாங்க, போயிருச்சி" என்பேன். கேட்டவர் "அடப் பாவமே" என்று உச்சுக்கொட்டிவிட்டுப் பந்திக்குப் போய்விடுவார். இத்தனை வருடமாக அந்த "அடப் பாவமே"யை வாங்கித் தின்றே உயிர் வாழ்ந்திருக்கிறேன். இனி வேண்டாம்.

அந்த வேலை எனக்குக் கொடுத்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் கிழவன் ஒப்பாரி வைக்கிறான் என்பீர்கள். என் அப்பா மலாக்காவில் ரோடு ரோலர் ஓட்டியவர். தாரை நசுக்கிக்கொண்டு அது போகிற வேகத்தில் வாத்துக்கூட அதை முந்திவிடும். நான் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பில் இருந்தபோது அவர் போய்ச் சேர்ந்தார். நாடு சுதந்திரம் வாங்கியதும் வெள்ளைக்கார விமானிகளுக்குப் பதிலாக உள்ளூர் ஆட்களைப் பழக்க வேண்டும் என்று ஒரு விமானக் கம்பெனி விளம்பரம் போட்டது. இங்கிலீஷ் நன்றாக வரும், கணக்கு நன்றாக வரும், கண் பழுதில்லை. எழுதிப் போட்டேன், எடுத்துக்கொண்டார்கள். மூன்று நான்கு வருடத்தில், ரோடு ரோலர்க்காரரின் மகன் டக்கோட்டா விமானத்தின் வலப்பக்க இருக்கையில் துணை விமானியாக உட்கார்ந்து கோலாலம்பூருக்கும் கோத்தா பாருவுக்கும் மலை தாண்டிப் போய்வந்துகொண்டிருந்தான்.

விடிகாலைப் பயணம்தான் எனக்கு உயிர். கீழே காடு இன்னும் கறுப்பாகக் கிடக்கும். ஆறு எது, ரோடு எது என்று தெரியாது. எங்களுக்கு மட்டும் வெயில் வந்திருக்கும். இறக்கையின் மேல் அது மஞ்சளாகப் படர்வதைப் பார்த்துக்கொண்டே ஆறிப்போன கோப்பியைக் குடிப்பேன். அந்த ஒரு கால் மணி நேரம் நான் யாருக்கும் மகனில்லை, யாருக்கும் வேலைக்காரனில்லை. சந்தோஷமாக இருந்தேன். வாழ்க்கையில் வேறெங்கும் அவ்வளவு சந்தோஷமாக இருந்ததில்லை என்பதைக் கூசாமல் சொல்கிறேன்.

ஊரில் மரியாதைக்கும் குறைவில்லை. எங்கள் வீடு இருந்த காஜா பெராங் தெருவில் நான் இறங்கி நடந்தால் கோப்பிக் கடைச் சீனர் எனக்கு மட்டும் மேசையைத் துடைத்துவிடுவார். பெண் வைத்திருந்தவர்கள் எல்லாம் எங்கள் வீட்டுக்கு வர ஒரு சாக்குத் தேடினார்கள். "ஏரோபிளேன் தம்பி" என்றுதான் எனக்குப் பெயர்.

கெட்டதும் இருந்தது. பொங்கலா, அப்பாவின் திதியா, சொந்தத்தில் கல்யாணமா, எதற்கும் ஊரில் இருக்க முடியாது. யார் எப்போது பறப்பது என்று கம்பெனி போடும் முறைப் பட்டியல்தான் எங்களுக்குப் பஞ்சாங்கம். போன ஊர்களில் எல்லாம் ஒரே மாதிரி விடுதி அறை, ஒரே மாதிரி கொசுவலை. வெள்ளைக்கார கேப்டன்கள் பறக்கும்போது நன்றாகப் பேசுவார்கள். இறங்கியதும் தங்கள் கிளப்புக்குப் போய்விடுவார்கள். நான் தனியாகச் சோறு தேடி அலைவேன்.

எல்லாவற்றையும்விட மோசமானது, என் உடம்பு எனக்குச் சொந்தமாக இல்லை என்பது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை டாக்டர் கண், காது, நெஞ்சு என்று தட்டிப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் லைசென்ஸ். மற்றவர்களுக்குச் சளி பிடித்தால் அது வெறும் சளி. டக்கோட்டாவில் உள்ளே காற்றை அடைத்து வைக்கிற வசதி கிடையாது. மேலே ஏறி இறங்கும்போது காது தானாகத் திறந்து மூடிக் காற்றைச் சமப்படுத்த வேண்டும். சளி இருந்தால் அது திறக்காது, சவ்வு கிழியும். அதனால் சளி பிடித்த விமானி உடனே சொல்லிவிட்டு வீட்டில் இருக்க வேண்டும் என்பது விதி. பயணிகளை வைத்துக்கொண்டு மறைத்துப் பறந்தால் வேலையே போகும். இந்த விதியை எனக்கு முதல் வாரத்திலேயே கற்றுக்கொடுத்தார்கள். தெரியாது என்று சொல்ல எனக்கு வழியில்லை.

இனி அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்தில் எந்த வீட்டில் பிள்ளை பிறந்தாலும் குளிப்பாட்ட என் அம்மாவைத்தான் கூப்பிடுவார்கள். காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலின் மேல் பிள்ளையைக் கிடத்தி, உச்சியில் எண்ணெய் வைத்து, கை கால் நீவி, காதில் இரண்டு சொட்டு விட்டு, வெந்நீர் ஊற்றி, மூக்கிலும் காதிலும் ஊதிக் கொடுப்பார். கத்திக்கொண்டு வந்த பிள்ளை தூங்கிக்கொண்டு போகும். பல தலைமுறைக்கு முன்பே வந்து குடியேறிய மலாக்கா செட்டி வீட்டுப் பெண்கள் தமிழ் பேசமாட்டார்கள். அவர்களும் வந்து மலாயில் கூப்பிடுவார்கள். அம்மா தன் உடைந்த மலாயில் அதட்டிக்கொண்டே போவார். அப்பா இல்லாத வீட்டில் அம்மாவுக்கு அதுதான் பெருமை. என் வேலையைவிட அவருக்கு அந்த வேலை ஒரு படி மேல் என்று எனக்குத் தெரியும். சிங்கப்பூர் போகும் விமானம் தலைக்கு மேல் போனால், கையிலிருக்கும் பிள்ளையிடம் "பாருடா, ஒன்ன மாதிரி எங்கால்ல கெடந்து கத்துன பய போறான்" என்பாராம். அந்த விமானத்தில் நான் இருந்தேனா இல்லையா என்பதெல்லாம் அவருக்குக் கணக்கில்லை.

காது போன வருடத் தீபாவளிக்குப் பிறகு மூன்றாம் நாள் எனக்குக் கேப்டன் பரீட்சை வைத்திருந்தார்கள். இடப்பக்க இருக்கையில் உட்கார்ந்து, பயணிகள் இல்லாத விமானத்தை மூத்த கேப்டன் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும். தேறினால் தோளில் நாலு பட்டை. என்னோடு சேர்ந்த உள்ளூர் ஆட்களில் அதுவரை யாரும் தேறவில்லை. அந்த மூத்த கேப்டன் பரீட்சை முடிந்த மறுவாரம் நீண்ட விடுப்பில் இங்கிலாந்து போகிறார். அவர் திரும்பி வர ஆறு மாதம். அதற்குள் என் முறை யாருக்குப் போகுமோ, பரீட்சையே இருக்குமோ இருக்காதோ. எனக்கு அந்த நாலு பட்டை வேண்டும். வெறிபிடித்தவன் மாதிரி வேண்டும். மலாக்காவில் ஒரு தையற்காரரிடம் கொடுத்துப் புது மேல்சட்டையில் நாலு பட்டை தைத்தே வைத்துவிட்டேன். அவ்வளவு திமிர்.

தீபாவளிக்கு நாலு நாள் முன்னால் மூக்கு ஒழுக ஆரம்பித்தது.

சொல்லவில்லை. மாத்திரை போட்டேன், ஆவி பிடித்தேன், கைக்குட்டையைக் கால்சட்டைப் பைக்குள் ஒளித்துக்கொண்டு விடுதி மாடிப்படியில் நின்று மூக்கைச் சிந்தினேன். தீபாவளிக்கு முந்தைய நாள் கோத்தா பாருவிலிருந்து கோலாலம்பூருக்குத் திரும்பும் பயணம். கேப்டன் இருக்கையில் அதே மூத்த கேப்டன். பின்னால் விமானம் நிறையப் பயணிகள், பாதிப் பேர் பண்டிகைக்கு வீடு திரும்புகிறவர்கள். மலையைத் தாண்டியதும் மழை மேகம் சூழ்ந்துகொண்டது. ஒரு இடத்தில் மட்டும் ஓட்டை மாதிரி வெளிச்சம். கேப்டன் அதற்குள் விமானத்தைச் சடசடவென்று இறக்கினார்.

காது அடைத்தது. மூக்கைப் பிடித்து ஊதினேன், திறக்கவில்லை. எச்சிலை விழுங்கினேன், திறக்கவில்லை. வலி காதிலிருந்து பல்லுக்கு இறங்கியது. கேப்டன் திரும்பிப் பார்த்து உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று கேட்டார். நல்ல மனுஷன் அவர். வலிக்கிறது, கொஞ்சம் மெதுவாக இறக்குங்கள் என்று நான் சொல்லியிருந்தால் அந்த நிமிடமே மேலே ஏற்றியிருப்பார். பரீட்சையும் அந்த நிமிடமே போயிருக்கும். ஒன்றுமில்லை என்றேன். அடுத்த மூச்சில் இடது காதுக்குள் துணி கிழிகிற சத்தம் கேட்டது. சூடாக ஏதோ வழிந்தது. வலி உடனே குறைந்துவிட்டது, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. விமானம் தரையைத் தொட்டபோது என் கைக்குட்டையில் இரண்டு சொட்டு ரத்தம் இருந்தது.

அன்று மாலையே நாலு பேர் சேர்ந்து ஏறும் டாக்சியில் மலாக்காவுக்கு வந்தேன். வீடு முழுக்க முறுக்கு வாசனை. தங்கை அப்போது ஆசிரியர் பயிற்சியில் இருந்தாள். "என்னாண்ணே, மொகம் ஒரு மாதிரி இருக்கு?" என்றாள். அலைச்சல் என்றேன். இடது பக்கம் யார் பேசினாலும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி இருந்தது. இரண்டு நாளில் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

விடிவதற்கு முன் அம்மா எழுப்பிவிட்டார். மணை போட்டிருந்தது. நல்லெண்ணெயில் மிளகும் பூண்டும் போட்டுக் காய்ச்சி, கை பொறுக்கிற சூட்டில் கிண்ணத்தில் வைத்திருந்தார். இருபத்தாறு வயதுக் காளையை மணையில் உட்கார வைத்து, உச்சியில் எண்ணெய் வைத்துத் தேய்க்க ஆரம்பித்தார்.

"அசையாத. ஏரோபிளேன் ஓட்டுற ஆளு, ஒரு எடத்துல உக்காரத் தெரியல. புள்ளைங்க ஒன்னவிட நல்லா படுக்குதுங்க."

தலைக்கு ஆனதும் என் முகத்தை வலப்பக்கம் சாய்த்தார். இடது காது மேலே வந்தது. அவருடைய விரலில் எண்ணெய் சொட்டக் காத்திருந்தது. வேண்டாம் என்று சொல்ல ஒரே ஒரு சொல் போதும். சொன்னால் ஏன் என்பார். காது நோவு என்றால், எப்போதிருந்து என்பார். தங்கை பக்கத்தில் நிற்கிறாள், அவள் விடமாட்டாள், ஆஸ்பத்திரிக்குக் கிளப்புவாள். அங்கே ஒரு துண்டுச் சீட்டில் ஒரு டாக்டர் தேதி போட்டுக் காது கிழிந்திருக்கிறது என்று எழுதுவார், பரீட்சை போய்விடும். இவ்வளவும் அந்தச் சொட்டு விழுவதற்குள் என் மண்டைக்குள் ஓடியது.

வாயை மூடிக்கொண்டு தலையைக் காட்டினேன்.

எண்ணெய் உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் தொண்டையில் மிளகு காந்தியது. காதில் விட்ட எண்ணெய் தொண்டைக்கு வருகிறது என்றால் நடுவில் தடுக்கச் சவ்வு இல்லை என்று அர்த்தம். எனக்குத் தெரிந்துவிட்டது. அம்மா என் காதைச் சுற்றிக் கட்டைவிரலால் நீவிக்கொண்டே, "இந்தக் குளியல்ல ஒன் சளியெல்லாம் ஓடிரும் பாரு" என்றார். சளி பிடித்திருப்பதை நான் சொல்லவே இல்லை. அவருக்குக் கையிலேயே தெரிந்திருக்கிறது.

மறுநாள் காய்ச்சல் வந்தது. காதிலிருந்து தண்ணீர் மாதிரி வடிந்தது. பஞ்சை அடைத்துக்கொண்டு, வலது காதில் மட்டும் ரேடியோக் கருவியை மாட்டிக்கொண்டு மூன்றாம் நாள் பரீட்சைக்குப் போனேன். தேறிவிட்டேன். அதுதான் வேடிக்கை. ஒரு எஞ்சினை அணைத்துக் காட்டச் சொன்னார், காட்டினேன். முன் கண்ணாடியை மறைத்துக் கருவிகளை மட்டும் பார்த்து இறங்கச் சொன்னார், இறங்கினேன். மூத்த கேப்டன் என் கையைப் பிடித்துக் குலுக்கி, இனி என்னை இடப்பக்கத்திலேயே பார்க்க வேண்டும் என்றார். கழிப்பறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். காது வலியில் அழுதேனா, சந்தோஷத்தில் அழுதேனா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை.

பட்டை தோளில் ஏறுவதற்கு டாக்டர் கையெழுத்து வேண்டும். அடுத்த வாரம் போனேன். வெள்ளைக்கார டாக்டர் காதுக்குள் விளக்கடித்தார். வெகு நேரம் பார்த்தார். பஞ்சை எடுத்து முகர்ந்தார். இது எப்படி ஆயிற்று, எப்போது ஆயிற்று என்று கேட்டார்.

உண்மையைச் சொன்னால், சளியோடு பயணிகளை ஏற்றிப் பறந்தவன் நான். வேலை போகும், பெயரும் போகும். வேறு ஏதாவது சொன்னால் லைசென்ஸ் மட்டும்தான் போகும். நான் அதிகம் யோசிக்கவில்லை. யோசித்திருந்தால் இப்போது ஏதாவது சாக்குச் சொல்லிக்கொள்ளலாம். "தீபாவளிக்கு எங்கள் வழக்கப்படி என் தாய் காதில் காய்ச்சிய எண்ணெய் விட்டார்" என்றேன்.

அவர் பேனாவை எடுத்தார். உங்கள் ஆட்கள் எல்லாரும் இப்படித்தான், படித்தும் அம்மாவுக்கு அடங்கிக் கிடக்கிறீர்கள் என்கிற மாதிரி ஏதோ சொன்னார். ஆமாம் என்று நான் தலையாட்டினேன். என் அம்மாவைக் காட்டிக்கொடுத்துவிட்டு, அதற்கு மேல் தலையையும் ஆட்டினேன்.

கம்பெனி கடிதம் வீட்டுக்கு வந்தது. வீட்டு வைத்தியத்தால் நேர்ந்த தீங்குக்கு வருந்துகிறோம், இனிப் பறக்க அனுமதி இல்லை, உங்கள் மீது தவறில்லை என்பதால் அலுவலகத்தில் முறைப் பட்டியல் தயாரிக்கும் வேலை தருகிறோம் என்று இருந்தது. நான் அதை மேசையில் போட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்து கிடந்தேன். அம்மா தங்கையை வாசிக்கச் சொன்னார். அவள் முதலில் மனதுக்குள் படித்தாள். அவள் முகம் மாறியது.

"என்னாடி எழுதியிருக்கான்? சொல்லுடி."

"அண்ணனுக்குக் காது போயிருச்சாம்மா. இனிமே ஓட்ட முடியாதாம்."

"ஏனாம்?"

தங்கை என்னைப் பார்த்தாள். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"தீபாவளிக்கு எண்ணெ விட்டதாலயாம்."

அம்மா, "நானா?" என்றார். அவ்வளவுதான். அந்த "நானா?" என்னிடம் கேட்ட கேள்வி. அவர் எழுந்துபோகும் வரை நான் கண்ணைத் திறக்கவில்லை. அவர் எழுந்து அடுப்படிக்குப் போய், எண்ணெய்ச் சீசாவை எடுத்துப் பின்பக்கச் சாக்கடையில் கவிழ்த்தார். சீசாவிலிருந்து எண்ணெய் மெதுவாகத்தான் இறங்கும். அது முழுக்கக் காலியாகும் வரை அங்கேயே நின்றார்.

அன்றிலிருந்து அம்மா தலையில் எண்ணெய் வைக்கவில்லை. தீபாவளிக்கும் இல்லை, வெள்ளிக்கிழமைக்கும் இல்லை. அடர்த்தியான முடி அவருக்கு. அது காய்ந்து செம்பட்டையாகிப் பின் வெளுத்தது. பிள்ளைகளைக் குளிப்பாட்டக் கூப்பிட்டு வந்தவர்களிடம், "என் கை ஆகாது, வேற ஆளப் பாருங்க" என்று சொல்லி அனுப்பினார். முதலில் கெஞ்சிப் பார்த்தார்கள். பிறகு அவர்களுக்கும் விஷயம் தெரிந்தது. வளர்ந்த சொந்தப் பிள்ளை காதையே கெடுத்துவிட்ட கையாமே என்று எங்கோ யாரோ சொல்லியிருப்பார்கள். கூப்பிடுவது நின்றது. தலைக்கு மேல் விமானச் சத்தம் கேட்டால் அம்மா வாசலிலிருந்து உள்ளே போய்விடுவார்.

ஒரு வருடம் கழித்து, சிங்கப்பூரில் காது டாக்டர் ஒருவரிடம் என் சொந்தச் செலவில் போனேன். அவர் தமிழர். அவரிடம் மட்டும் நடந்ததைச் சொன்னேன். "கிழிஞ்ச சவ்வு தானா ஆறியிருக்கும் தம்பி. ஈரம் படாம விட்டிருந்தா போதும், நீங்க மறுபடியும் பறந்திருக்கலாம். கிழிஞ்சதுன்னு தெரிஞ்சும் ஏன் எண்ணெ விட விட்டீங்க?" என்றார். பணத்தை மேசையில் வைத்துவிட்டுக் கிளம்பி வந்தேன். சளியோடு பறந்ததும் நான்தான், தலையைச் சாய்த்துக் காட்டியதும் நான்தான். அம்மா ஒவ்வொரு தீபாவளிக்கும் செய்ததைத்தான் செய்தார்.

ஏன் சொல்லவில்லை? முதல் இரண்டு வருடம், சொன்னால் கம்பெனி காதுக்குப் போய் மேசை வேலையும் பறிபோகும் என்று பயந்தேன். பிறகு அந்தப் பயமும் இல்லை. அம்மாவிடம் மட்டும் அடுப்படியில் வைத்துச் சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனால் அதற்குள் ஊரில் எனக்கு ஒரு பட்டம் கிடைத்திருந்தது. பாசத்தால் கெட்டுப்போன பிள்ளை. கேப்டன் பரீட்சையில் தேறிய முதல் ஆள், பாவம், அம்மா கையால் போச்சு. அந்தப் பரிதாபம் எனக்கு இனித்தது. நாலு பட்டைக்குப் பதிலாக அதை மாட்டிக்கொண்டு திரிந்தேன். கேடுகெட்டவன் நான். வேறு சொல் எனக்குத் தெரியவில்லை.

தங்கைக்குக் கல்யாணமாகி முதல் பிள்ளை பிறந்தது. பிரசவம் முடிந்து எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தேன். வெந்நீர் தயாராக இருந்தது. தங்கை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மா முன்னால் நின்றாள்.

"ம்மா, ஊருப் புள்ளைங்கள எல்லாம் குளிப்பாட்டுனீங்க. எம்புள்ளைக்கு ஒரு தடவ ஊத்துங்கம்மா."

"வேணாம்டி."

"எண்ணெ வேணாம். சும்மா தண்ணி மட்டும் ஊத்துங்க."

"இந்தக் கைதான்டி ஒங்கண்ணன் காத எடுத்துச்சி. இந்தப் புள்ளயவாவது விடு."

தங்கை அழுதுவிட்டாள். அம்மா அழவில்லை. பிள்ளையின் பாதத்தை ஒரு விரலால் மட்டும் தொட்டுவிட்டுக் கையைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டார். நான் அதே அறையில், இரண்டு அடி தள்ளி, பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். பக்கத்தைத் திருப்பினேன். கடைசியில் பக்கத்திலிருந்த புக்கிட் காதில் என்கிற ஊரிலிருந்து ஒரு அம்மாள் வந்து பிள்ளையைக் குளிப்பாட்டினார். அவர் ஊற்றிய விதத்தில் பிள்ளை வீறிட்டுக் கத்தியது. அம்மா கதவோரம் நின்று, "கழுத்தத் தாங்கிப் புடி, கழுத்தத் தாங்கிப் புடி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கிட்டே போகவில்லை.

எண்ணெய் இல்லாமல் ஏழு தீபாவளி போனது. எட்டாவதற்கு முன் ஒரு நாள் காலை பசியாற உட்கார்ந்த அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போவதற்குள் முடிந்துவிட்டது. கோலாலம்பூரிலிருந்து நான் வந்து சேர்ந்தபோது கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். எவ்வளவு சின்ன உடம்பு. மெழுகு மாதிரி முகம், அதைச் சுற்றிப் பஞ்சு மாதிரி முடி.

குளிப்பாட்டும் நேரம் வந்தது. உறவுக்காரப் பெண்கள் ஒரு கிண்ணத்தில் நல்லெண்ணெயும் இன்னொன்றில் சீயக்காயும் கொண்டுவந்து வைத்தார்கள். பிள்ளைகள் முதலில் உச்சியில் எண்ணெய் தொட்டு வைக்க வேண்டும், அதுதான் எங்கள் முறை. மூத்தவன் நான். ஒரு பெரியம்மா எண்ணெய்க் கிண்ணத்தை என் கையில் கொடுத்தார். தங்கை குறுக்கே வந்தாள்.

"எண்ணெ வேணாம் பெரியம்மா. சீயக்கா மட்டும் வைங்க. செத்தாலும் என் தலையில எண்ணெ வைக்கக் கூடாதுன்னு அம்மா எங்கிட்டச் சத்தியம் வாங்கியிருக்காங்க."

"அதெப்படிடி? எண்ணெ வைக்காம அனுப்புனா ஊரு என்னா பேசும்?"

"ஊரு பேசுனா பேசட்டும். அண்ணன் காதக் கெடுத்த எண்ணெ எனக்கு வேணாம்னு சொன்னாங்க. நான் சத்தியம் பண்ணியிருக்கேன்."

கிண்ணம் என் கையில் இருந்தது. அதில் மிளகில்லை, பூண்டில்லை, வெறும் எண்ணெய். ஆனாலும் என் தொண்டையில் மிளகு காந்தியது.

"வைக்கலாம்" என்றேன். "எங்காத எண்ணெ கெடுக்கல."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"மொத நாளே பிளேன்ல கிழிஞ்சிருச்சி. எனக்குச் சளி. மறச்சிக்கிட்டுப் பறந்தேன். ரத்தம் வந்துச்சி. அம்மா எண்ணெ விட்டப்ப எனக்குத் தெரியும். வேணாம்னு சொல்லல. டாக்டர் கேட்டப்ப அம்மா மேல போட்டுட்டேன்."

தங்கை என்னை வெகு நேரம் பார்த்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"எட்டு வருசமா?"

நான் கிண்ணத்து எண்ணெயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் என் கையிலிருந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டாள். பிடுங்கவில்லை, மெதுவாகத்தான் வாங்கினாள். "நீங்க வைக்க வேணாம்ண்ணே. தள்ளி நில்லுங்க" என்றாள். தள்ளி நின்றேன். முறைக்கு ஒரு சொட்டுத்தான் தொட்டு வைப்பார்கள். அவள் அம்மாவின் தலைமாட்டில் காலை நீட்டி உட்கார்ந்தாள். தலையைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு கிண்ணத்து எண்ணெய் முழுவதையும் உச்சியில் ஊற்றினாள். ஏழு வருடமாகக் காய்ந்த முடி அதைக் குடித்துக்கொண்டே இருந்தது. இன்னும் கொண்டுவரச் சொன்னாள். நுனி வரை தடவி, சிக்கெடுத்து, கடைசியில் அம்மாவின் இரண்டு காதிலும் இரண்டிரண்டு சொட்டு விட்டாள். பெரியம்மா சீயக்காய்க் கிண்ணத்தை எடுத்துக் கொடுத்தார். அங்கிருந்த பெண்களில் பாதிப் பேரின் பிள்ளைகள் அம்மாவின் முழங்காலில் குளித்தவர்கள்.

தங்கை அதற்குப் பிறகு என்னோடு அதிகம் பேசுவதில்லை. அன்று மாலை சுடுகாட்டில் மூத்த மகன் என்று கொள்ளி வைக்க என்னைத்தான் கூப்பிட்டார்கள். வைத்தேன். எண்ணெய் வைக்க மட்டும் என்னை விடவில்லை.